ஸ்பீக்கர் ஒயருக்கு எஃப்.டி. உடைக்காதீங்க சார்!

ஒரு செவ்வாய்க்கிழமை. லஞ்ச் முடித்து சீட்டில் வந்து உட்கார்ந்தால் எதிரே நம்ம ஊர்க்காரர் ஒருவர் காத்திருக்கிறார். திருநெல்வேலிப் பக்கம். ரயில்வேயில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், மும்பைக்கு வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கையில் எஃப்.டி. ரசீது. ஐம்பதாயிரம் ரூபாய். முதிர்வுக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது.

"சார், இதை க்ளோஸ் பண்ணணும்."

கெடுவுக்கு முன்னால் எஃப்.டி. உடைக்க வருபவரிடம் பேங்க்காரன் முதலில் என்ன கேட்பான்? "வீட்ல யாருக்காவது உடம்பு முடியலையா சார்?" என்றேன்.

"சேச்சே, அதெல்லாம் இல்ல. கேபிள் வாங்கணும்."

டி.வி. கேபிளுக்கு எதற்கு ஐம்பதாயிரம் என்று முழித்தேன். அவரே சொன்னார். "ஸ்பீக்கர் கேபிள் சார். ஆம்ப்ளிஃபயர்ல இருந்து ஸ்பீக்கருக்குப் போகுமே, அது. ரெண்டு பக்கமும் மூணு மூணு மீட்டர். பை-ஒயரிங் செட்டு. டிஸ்கவுண்ட் போக நாற்பத்தெட்டாயிரம்."

ரசீதைத் திருப்பிப் பார்த்தேன். அவர் பெயரும் மனைவி பெயரும் சேர்த்துப் போட்ட டெபாசிட். கெடுவுக்கு முன்னால் உடைக்க இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். அந்த அம்மாவும் போட்டுக் கொடுத்திருந்தார்.

அவர் பணம், அவர் இஷ்டம். முடியாது என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. ஆனால் ஒன்று கேட்டேன். "சார், திங்கக்கிழமை வரைக்கும் பொறுங்க. ஞாயித்துக்கிழமை நான் உங்க வீட்டுக்கு வரேன். கேட்டுட்டு அப்புறமும் வேணும்னு தோணிச்சுன்னா திங்கக்கிழமை காலைல பத்து நிமிஷத்துல க்ளோஸ் பண்ணிடலாம்."

"உங்களுக்கும் இதுல இண்ட்ரஸ்ட் உண்டா சார்?" என்றார் ஆச்சரியமாக.

இண்ட்ரஸ்ட்டா? ஐயா, நான் அடிபட்டவன்.

கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன். 2013-ல் ஒரு ப்ரமோஷன் அரியர்ஸ் வந்தது. அதில் ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு ஸ்பீக்கர் கேபிள் வாங்கினேன். தங்கமணியிடம் தொள்ளாயிரத்து ஐம்பது என்று சொன்னேன். (ஒரு சைபர்தானே!) அன்றைக்கு ராத்திரி மாட்டிவிட்டுக் கேட்டேன். திரை விலகின மாதிரி இருந்தது, வயலின் தனியாகத் தெரிந்தது, பேஸ் இறுகியது. சத்தியமாகக் கேட்டது. பொய் சொல்லவில்லை.

ஆறு வருஷம் கழித்து ஒரு மழை நாள். ஊரே வெள்ளம், லோக்கல் ட்ரெயின் ஓடவில்லை, ஆபீஸ் போக வழியில்லை. பையனைக் கூப்பிட்டு ஒரு விளையாட்டு விளையாடினோம். பழைய சாதா ஒயர் ஒரு பக்கம், ஒன்பதாயிரத்து ஐந்நூறு ஒரு பக்கம். நான் அடுத்த அறையில் நிற்பேன். அவன் காசு சுண்டிப் போட்டு, பூ விழுந்தால் சாதா ஒயர், தலை விழுந்தால் காஸ்ட்லி ஒயர் மாட்டி, ஸ்பீக்கருக்குப் பின்னால் துணியைப் போட்டு மூடிவிட்டுக் கூப்பிடுவான். ஒரே பாட்டு, ஒரே வால்யூம். எது ஓடுகிறது என்று நான் சொல்ல வேண்டும். பத்து தடவை.

ஆறு சரி, நாலு தப்பு.

பி.காம்.-ல் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பர் படித்தவன் நான். காதைப் பஞ்சு வைத்து அடைத்துக்கொண்டு வெறுமனே காசு சுண்டிச் சொல்லியிருந்தாலே, பத்தில் ஆறோ அதற்கு மேலோ சரியாக வர 1024-ல் 386 வாய்ப்பு உண்டு. அதாவது கிட்டத்தட்ட 38 சதவீதம். ஒன்பதோ பத்தோ சரியாகச் சொல்லியிருந்தால் அது 1024-ல் 11 தான், அப்போது காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம். நான் ஒன்பதாயிரத்து ஐந்நூறு கொடுத்து வாங்கியது காசு சுண்டுவதற்குச் சமமான ஒரு வித்தியாசம். பையன் சிரித்துக்கொண்டே அம்மாவிடம் ஓடிவிட்டான். சைபர் ரகசியமும் அன்றைக்கே வெளியே வந்தது :-)

"மாத்துறதுக்கு ஒரு நிமிஷம் ஆகுமே, அதுக்குள்ள காது மறந்துடும், இது ஒரு டெஸ்ட்டா?" என்று நண்பர் ஒருவர் சண்டைக்கு வந்தார். சரி, ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் கடையில் கேட்டதற்கும், ட்ரெயின் பிடித்து வீட்டுக்கு வந்து மாட்டிக் கேட்டதற்கும் நடுவில் இரண்டு மணி நேரம் ஆனதே, அப்போது மட்டும் எப்படி மறக்காமல் இருந்தது?

இப்போது நம்ம ரயில்வே சார் கணக்கைப் போடுவோம். பயப்படாதீர்கள், வட்டிக் கணக்கை விட இது சுலபம்.

அவர் வீட்டில் இருப்பது 1.5 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயர். பல இழை சேர்த்த இந்த அளவு ஒயருக்கு ஸ்டாண்டர்டில் அனுமதித்த அதிகபட்ச மின்தடை கிலோமீட்டருக்கு 13.3 ஓம். மூன்று மீட்டர் போய் மூன்று மீட்டர் திரும்பி வர வேண்டும், ஆக ஆறு மீட்டர். 0.08 ஓம் வருகிறது. அவர் ஸ்பீக்கர் 8 ஓம். அதாவது ஒயரின் தடை ஸ்பீக்கரில் ஒரே ஒரு சதவீதம். ஸ்பீக்கரின் முதுகில் 8 ஓம் என்று போட்டிருந்தாலும் சில ஸ்வரங்களில் அது 4 வரை இறங்கும். அப்போதும் இரண்டு சதவீதம்தான்.

இதனால் குறையும் சத்தம் எவ்வளவு? 8 ஓமில் 0.09 டெசிபல். 4 ஓமில் 0.17 டெசிபல். சாதாரணமாக உட்கார்ந்து பாட்டுக் கேட்கும்போது 1 டெசிபல் ஏற்ற இறக்கமே பலருக்குத் தெரியாது. ரொம்பக் கவனமாக அடுத்தடுத்து ஒப்பிட்டால் அதில் கால் பங்கு வரைக்கும் பிடிக்கலாம்.

இங்கேதான் முக்கியமான பாயிண்ட். அந்த நாற்பத்தெட்டாயிரம் ரூபாய் கேபிள் எவ்வளவு உசத்தி என்று எனக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. தடையே இல்லாத தெய்வீகக் கேபிள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரைத் தூக்கி ஆம்ப்ளிஃபயர் முதுகிலேயே ஒட்டிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் அவருக்குத் திரும்பக் கிடைப்பது இந்த 0.09-தான். இல்லாத நஷ்டத்தை எப்படி ஐயா மீட்டுக் கொடுப்பீர்கள்? வராக்கடனே இல்லாத அக்கவுண்ட்டுக்கு ரெக்கவரி ஏஜெண்ட் வைத்த கதை.

விற்பவர்களிடம் இதற்கெல்லாம் ரெடிமேட் பதில்கள் உண்டு. ஒவ்வொன்றாக வருகிறேன்.

"இது சுத்தமான தாமிரம், ஆக்ஸிஜன் இல்லாதது." தாமிரத்தின் கடத்தும் திறனுக்கு 1913-லேயே ஒரு அளவுகோல் வைத்து அதை 100 சதவீதம் என்றார்கள். வீட்டுக்கு ஒயரிங் பண்ணும் சாதாரண நல்ல தாமிரமே அந்த நூறைத் தொட்டுவிடும். ஆக்ஸிஜன் நீக்கிய தாமிரம் சுமார் 101. ஒரு சதவீதத்தில் ஒரு சதவீதம் லாபம். இதற்கு ஸ்லிப் போட்டால் என் மேனேஜர் பேப்பர் வீணென்று திட்டுவார்.

"பேஸை இறுக்கிப் பிடிக்கும்." ஸ்பீக்கருக்குள் இருக்கும் வாய்ஸ் காயிலுக்கே சுமார் 6 ஓம் தடை உண்டு. அதுவும் இதே பாதையில்தான் உட்கார்ந்திருக்கிறது. 6 ஓமைச் சும்மா விட்டுவிட்டு 0.08 ஓமைத் துரத்துகிறோம். அந்த வாய்ஸ் காயிலும், ஸ்பீக்கர் பெட்டிக்குள் இருக்கும் கிராஸ்ஓவர் காயிலும் பல மீட்டர் நீளத்துக்குச் சாதாரண எனாமல் ஒயர்தான் சுற்றியிருக்கிறது. வெளியே மூன்று மீட்டர் தங்க ரதம், உள்ளே போனதும் மாட்டு வண்டி.

"ஹை ஃப்ரீக்வென்ஸி ஒயரின் தோல் மேலதான் ஓடும்." உண்மை. ஆனால் காது கேட்கும் எல்லையான 20,000 ஹெர்ட்ஸில் அந்தத் தோலின் ஆழம் தாமிரத்தில் சுமார் 0.47 மில்லிமீட்டர். நம்ம 1.5 சதுர மி.மீ. ஒயரின் ஆரமே 0.7 தான். கிட்டத்தட்ட முழு ஒயருமே தோல்தான்!

"ரெண்டு பக்கமும் ஒரே நீளம் இருக்கணும், இல்லேன்னா ஒரு பக்கம் லேட்டா வரும்." மூன்று மீட்டர் கூடுதல் ஒயரைக் கடக்கச் சிக்னலுக்கு ஆகும் நேரம் சுமார் 15 நானோ செகண்ட். அந்த நேரத்தில் சத்தம் காற்றில் போகும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு. நீங்கள் மூச்சு விட்டாலே தலை அதை விட நகரும்.

"கேபிள் மேல அம்புக்குறி போட்டிருக்கு பாருங்க, அந்தத் திசையிலதான் மாட்டணும்." ஸ்பீக்கருக்குப் போவது முன்னும் பின்னும் மாறி மாறி ஓடும் கரண்ட். எந்தத் திசை? அந்த அம்பு, இந்த நுனி ஆம்ப்ளிஃபயரில் இருந்தது என்று ஞாபகம் வைத்துக்கொள்ள உதவும். அவ்வளவுதான்.

"நூறு மணி நேரம் ஓடினாத்தான் கேபிள் செட் ஆகும்." இதுதான் எனக்குப் பிடித்த பொய். தாமிரம் செட் ஆகாது. நூறு மணி நேரத்தில் செட் ஆவது நம்ம மனசு. திருப்பிக் கொடுக்கும் கெடு தாண்டிப் போவதும் அதற்குள்தான்.

கடைசியாக பை-ஒயரிங். சார் ஏமாற இருந்தது இதில்தான். சில ஸ்பீக்கர்களின் முதுகில் இரண்டு திருகுக்குப் பதில் நாலு திருகு இருக்கும். மேல் ஜோடி ட்வீட்டருக்கு, கீழ் ஜோடி வூஃபருக்கு. இரண்டையும் சேர்த்து ஒரு உலோகப் பட்டை வரும். பட்டை இருக்கும்வரை எந்த ஜோடியில் மாட்டினாலும் ஸ்பீக்கர் முழுசாகப் பாடும். கடைக்காரர் சாரிடம் சொன்னது என்ன தெரியுமா? "நாலு திருகுல ரெண்டுலதான் மாட்டியிருக்கீங்க, பாதி ஸ்பீக்கர்தான் பாடுது." எவ்வளவு அழகான வாக்கியம் பாருங்கள். அதைக் கேட்ட பிறகு எந்த மனுஷனுக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரும்?

பட்டையைக் கழற்றிவிட்டு ஒரே ஆம்ப்ளிஃபயரிலிருந்து இரண்டு செட் ஒயர் ஓட்டுவதுதான் பை-ஒயரிங். ஆம்ப்ளிஃபயர் பக்கம் இரண்டும் ஒரே திருகில்தான் சேருகின்றன. அதே வோல்ட்டேஜ்தான் இரண்டு ஒயரிலும் போகிறது. தடிமன் கொஞ்சம் கூடின மாதிரி ஒரு பலன், அவ்வளவே. அதற்குக் கொஞ்சம் தடித்த ஒரே ஒயர் போதும். கேபிள் விற்பவருக்கோ பலன் சரியாக இரண்டு மடங்கு. இரண்டு தனி ஆம்ப்ளிஃபயர் வைத்து ஓட்டுவது வேறு விஷயம். அப்போது பட்டையைக் கழற்ற மறந்தால் இரண்டு ஆம்ப்ளிஃபயரும் ஒன்றோடொன்று மோதிப் புகைந்துவிடும், ஜாக்கிரதை.

இதெல்லாம் நான் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. எழுபதுகள் வரைக்கும் அமெரிக்காவில் மேஜை விளக்கு ஒயரில்தான் ஸ்பீக்கரை மாட்டிக் கேட்டார்கள். 1979-ல் நோயல் லீ என்பவர் மான்ஸ்டர் கேபிள் கம்பெனியைத் தொடங்கின பிறகுதான் ஸ்பீக்கர் ஒயர் ஒரு தனிச் சரக்காகப் பெரிய வியாபாரம் ஆனது. 1983 ஆகஸ்டில் ஸ்டீரியோ ரிவ்யூ பத்திரிகையில் லாரன்ஸ் கிரீன்ஹில், கண்ணுக்குத் தெரியாமல் ஒயர் மாற்றிக் கேட்கும் பரிசோதனை நடத்தி எழுதினார். ரொம்ப மெல்லிய ஒயரை ஆட்கள் கண்டுபிடித்தார்கள். ஆனால் இசையைப் போட்டபோது தடித்த விளக்கு ஒயரையும் காஸ்ட்லி ஒயரையும் நம்பகமாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 2007-ல் ஜேம்ஸ் ராண்டி ஒரு சவால் விட்டார். 12 அடி ஜோடி 7,250 டாலர் விலை போட்டிருந்த ஒரு ஸ்பீக்கர் கேபிளை, கண்ணால் பார்க்காமல் காதால் மட்டும் சாதாரணக் கேபிளிலிருந்து பிரித்துக் காட்டினால் பத்து லட்சம் டாலர் பரிசு. பேச்சு வார்த்தை நடந்தது, பத்திரிகைகளில் எழுதினார்கள், கடைசியில் அந்தப் பரிசோதனை நடக்கவே இல்லை. பரிசுத் திட்டத்தையே 2015-ல் நிறுத்திவிட்டார்கள். அத்தனை வருஷத்தில் அந்தப் பணத்தை யாரும் வாங்கிக்கொண்டு போகவில்லை.

நியாயமாகவும் பேசுவோம். ஒயர் எதுவானாலும் ஒன்றுதான் என்று நான் சொல்லவில்லை. டப்பாவோடு வரும் தலைமுடி ஒயரை ஹாலைச் சுற்றி ஓட்டினால் வித்தியாசம் தெரியும். 0.5 சதுர மி.மீ. ஒயருக்குக் கிலோமீட்டருக்கு 39 ஓம். பத்து மீட்டர் தூரத்தில் 4 ஓம் ஸ்பீக்கர் இருந்தால் ஒயர் மட்டுமே கிட்டத்தட்ட 0.8 ஓம், இருபது சதவீதம் போச்சு. அதை மாற்றத்தான் வேண்டும். ஐந்து சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்பது பலரும் வைத்திருக்கும் கணக்கு. அலுமினியத்துக்கு மேல் தாமிர முலாம் பூசி விற்கும் ஒயரும் உண்டு. அதன் கடத்தும் திறன் தாமிரத்தில் மூன்றில் இரண்டு பங்குதான். ஒரு இழையைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் அது தாமிரம் இல்லை. பச்சை பிடித்த நுனி, லூஸான திருகு, இவையும் சத்தத்தைக் கெடுக்கும். இவற்றையெல்லாம் சரிபண்ண நாற்பத்தெட்டாயிரம் வேண்டாம், ஒரு ஸ்க்ரூ டிரைவரும் சில நூறு ரூபாயும் போதும்.

சரி, ஞாயிற்றுக்கிழமை கதைக்கு வருவோம்.

சொன்னபடி சாயங்காலம் போனேன். சின்ன ஹால், பத்துக்குப் பன்னிரண்டு அடி. ஒரு சுவர் முழுக்க கேஸட்டும் சி.டி.யும். எல்லாம் நாதஸ்வரம், தவில், இளையராஜா. ரிட்டயர் ஆன பணத்தில் வாங்கின ஸ்பீக்கர்கள், அவ்வளவு சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தார். அந்த அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்து காபி கொடுத்தார்.

"என்ன சார் குறை இதுல?" என்று கேட்டேன்.

"முன்னாடி நல்லாத்தான் சார் இருந்துச்சு. ஆறு மாசமா என்னமோ ஆயிப்போச்சு. தவிலோட தொப்பிச் சத்தமே காணோம். ராஜரத்தினம் பிள்ளை ரெக்கார்டு போட்டா அவரு எங்க நின்னு வாசிக்காருன்னே தெரியல. கடையில சொன்னேன். கேபிள்தான்னு சொல்லிட்டாங்க."

ராஜரத்தினம் பிள்ளை 1956-ல் காலமாகிவிட்டார். அவர் ரெக்கார்டுகள் மோனோ. இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே சத்தம். சரியாக மாட்டியிருந்தால் நாதஸ்வரம் இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்ட நடுவில் நின்று கேட்க வேண்டும். போட்டுக் கேட்டேன். நடுவில் யாரும் இல்லை. சத்தம் ரூம் முழுக்கப் பரவிக் கிடந்தது, தலைக்குப் பின்னாலும் பக்கவாட்டிலுமாக.

"ஆறு மாசம் முன்னாடி என்ன பண்ணுனீங்க சார்?"

"ஒண்ணும் பண்ணலையே. தீபாவளிக்கு வெள்ளையடிச்சோம். எல்லாத்தையும் கழட்டி வெச்சுட்டுத் திரும்ப மாட்டினேன், அவ்வளவுதான்."

அவ்வளவேதான்.

ஆம்ப்ளிஃபயரை ஆஃப் பண்ணி, அந்தப் பக்கத்து ஒயர்களை மட்டும் கழற்றினேன். சுவர்க் கடிகாரத்திலிருந்து 1.5 வோல்ட் செல்லை எடுத்தேன். ஆம்ப்ளிஃபயரின் ப்ளஸ் திருகிலிருந்து கழற்றின ஒயரை செல்லின் ப்ளஸ்ஸில், மற்றதை மைனஸில் ஒரு நொடி தொட்டேன். இடது வூஃபர் வெளியே தள்ளியது. வலது வூஃபர் உள்ளே போனது. வலது ஸ்பீக்கரின் முதுகில் ப்ளஸ்ஸும் மைனஸும் இடம் மாறியிருந்தன. இரண்டு கம்பியும் ஒரே கருப்பு. ஒன்றில் மட்டும் கூர்ந்து பார்த்தால் தெரியும் ஒரு மெல்லிய கோடு. அறுபத்தெட்டு வயதுக் கண்ணுக்கு அது எங்கே தெரியும்?

இப்படி மாறிப்போனால் ஒரு ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கிறது. பேஸ் ஒன்றையொன்று அடித்துச் சாப்பிட்டுவிடும். நடுவில் நிற்க வேண்டிய ஆள் காணாமல் போவார். இப்படியே நாற்பத்தெட்டாயிரம் ரூபாய்க் கேபிளைத் தலைகீழாக மாட்டினாலும் இதே கதைதான்.

மாற்றி மாட்டினேன். நாலு திருகையும் பட்டையையும் இறுக்கினேன். மறுபடி போட்டோம். ராஜரத்தினம் பிள்ளை நடு ஹாலில் வந்து நின்றார். அடுத்து ஒரு கல்யாண மேளம் சி.டி. தொப்பியில் விழுந்த முதல் அடிக்கே ஜன்னல் கம்பி அதிர்ந்தது. சார் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மனைவி பக்கம் திரும்பி, "கேக்குதா?" என்று மட்டும் கேட்டார்.

அந்த அம்மா என்னிடம், "அப்போ பேங்க் பணம் எடுக்க வேண்டாமா தம்பி?" என்றார். வேண்டாம் என்றேன். "முட்டி ஆபரேஷனுக்குன்னு போட்டு வெச்சது. இவங்க ஆசைப்பட்டாகளேன்னு கையெழுத்துப் போட்டேன்" என்றார் சாதாரணமாக.

ட்ரெயினில் திரும்பி வரும்போது எனக்குக் கோபம் அடங்கவில்லை. அந்தக் கடைக்காரர் மேல் கோபம், விலை அதிகம் என்பதற்காக இல்லை. விலை அவர் உரிமை. ஐந்து லட்சத்துக்கு வாட்ச் விற்கிறார்கள். வாங்குகிறவர் வசதியானவர், அழகுக்கு வாங்குகிறார், நமக்கென்ன? இங்கே நடந்தது வேறு. ஒரு பெரிய மனுஷன் வந்து "தவில் சத்தம் போச்சு" என்று நோயைச் சொல்கிறார். "பிளஸ் மைனஸ் சரியா இருக்கான்னு பார்த்தீங்களா?" என்று ஒரு கேள்வி. கேட்டிருந்தால் பைசா செலவில்லாமல் தீர்ந்திருக்கும். அதைக் கேட்கவில்லை. நாடியைப் பிடிக்காமலே ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்.

இந்த வியாபாரம் கேபிளில் ஏன் இவ்வளவு செழிக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஆம்ப்ளிஃபயர் விலையை நாலு இடத்தில் விசாரித்து ஒப்பிடலாம், வாட்ஸ் எவ்வளவு என்று கேட்கலாம். கேபிளை எதை வைத்து ஒப்பிடுவீர்கள்? ஓம் கணக்கைக் கேட்டால் "இதெல்லாம் மீட்டர்ல வராது சார், காதுலதான் தெரியும்" என்பார்கள். தெரியவில்லை என்று சொன்னால், "உங்க காது இன்னும் பழகல." கவனியுங்கள், சரக்கு தேறவில்லை என்றால் குற்றவாளி நீங்கள். ராஜாவின் புது வஸ்திரம் கதைதான். நாற்பது வருஷம் தவில் கேட்டவரின் காது, தொப்பிச் சத்தம் காணவில்லை என்று சரியாகத்தான் சொன்னது. அந்தக் காதைத்தான் பழகாத காது என்றார்கள்.

அதனால் கேட்பவர்களுக்கெல்லாம் நான் சொல்வது இதுதான். எலக்ட்ரிக் கடைக்குப் போங்கள். மும்பையில் என்றால் லோஹார் சாவல். நல்ல தாமிரத்தில் இரண்டு கம்பி ஃப்ளெக்ஸிபிள் ஒயர், ஐந்து மீட்டருக்குள் என்றால் 1.5, அதற்கு மேல் 2.5 சதுர மி.மீ. இரண்டு கம்பிக்கும் நிறம் வேறாக இருக்கும்படி பார்த்து வாங்குங்கள். இல்லையென்றால் இரண்டு நுனியிலும் சிவப்பு டேப் ஒட்டுங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தோலைச் சீவாதீர்கள். இழைகளை முறுக்கி, ஒன்றுகூட வெளியே நீட்டாமல் திருகில் இறுக்குங்கள். திருகில் மாட்டும் நுனிக்கு ஈயப்பற்று வேண்டாம், அது நாளடைவில் அழுந்தி லூஸாகும். அடிக்கடி கழற்றி மாட்டுபவர்கள் பனானா பிளக் போடலாம். அது சௌகரியத்துக்கு, சத்தத்துக்கு இல்லை. வருஷம் ஒரு தடவை திருகை இறுக்குங்கள். முடிந்தது.

மீதிப் பணத்தில் என்ன பண்ணலாம்? ஒன்றுமே பண்ணாமல் முதலில் ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஒரு அடி முன்னால் நகர்த்துங்கள். மூலையிலிருந்து வெளியே எடுங்கள். பன்னிரண்டு அடி நீள ரூமில் 47 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் பேஸ் ஒரு இடத்தில் கொட்டும், ஒரு இடத்தில் காணாமல் போகும். நாற்காலியை இரண்டடி நகர்த்தினாலே பல டெசிபல் மாறும். எதிரே வெறும் சுவர் என்றால் தடிமனான ஒரு திரைச்சீலை போடுங்கள். 0.09 டெசிபலுக்கு நாற்பத்தெட்டாயிரம், இதற்குச் சல்லிக்காசு இல்லை. எது லாபம் என்று சொல்ல காமர்ஸ் படித்திருக்கத் தேவையில்லை.

திங்கட்கிழமை காலை சார் பிராஞ்சுக்கு வந்தார். பக்கென்றது எனக்கு. எஃப்.டி. உடைக்க இல்லை, பாஸ்புக் என்ட்ரி போட வந்தாராம். போகும்போது மெல்லக் கேட்டார். "சார், ஒரு சந்தேகம். ஒண்ணுமே இல்லேன்னா அதை எப்படி சார் நாற்பத்தெட்டாயிரத்துக்கு விக்கிறான்?"

"நாம வாங்குறோமே சார்" என்றேன். ஒன்பதாயிரத்து ஐந்நூறு கொடுத்த வாயால் வேறென்ன சொல்ல?

டிஸ்கி: சாரின் கதையை அவர் அனுமதி வாங்கித்தான் எழுதியிருக்கிறேன். பெயர் வேண்டாம் என்றார். என் கேபிள் இன்னமும் லாஃப்டில்தான் இருக்கிறது. போன மாதம் துணி காயப்போடக் கொடி இல்லை என்று தங்கமணி ஒரு பார்வை பார்த்தார். நல்ல உறுதியான கேபிள், அதில் குறை சொல்ல முடியாது.